பயணமா, பயனமா?

கேள்வி: ஓசூரில் வாடகைக்கு வேன் ஓட்டுகிறேன். புது வண்டியின் பின்பக்கம் ‘இனிய பயனம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் பெயின்டர். கேட்டால், “பயன் தருவதால்தான் அது பயனம், ரெண்டு சுழி போதும்” என்கிறார். சரிதானா? பயணம் தமிழ்ச் சொல்தானா? இல்லையென்றால் வேறு என்ன எழுதலாம்?

பதில்: மூன்று சுழி ‘ண’தான் சரி. காசு கொடுக்கும் முன் திருத்தி வாங்கிவிடுங்கள்.

பெயின்டர் சொல்லும் காரணம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பயனுக்கும் பயணத்துக்கும் உறவே கிடையாது. பயன் என்பது ‘பயத்தல்’, அதாவது விளைவு தருதல் என்ற வினையைச் சேர்ந்தது. 216ஆம் குறளில் வரும் ‘பயன்மரம்’ பழம் தரும் மரம்.

பயணம் வந்த வழி வேறு. வடமொழியில் ‘யா’ என்றால் போதல்; ‘ப்ர’ என்றால் முன்னோக்கி. இரண்டும் சேர்ந்து ‘ப்ரயாண’. யாத்திரையும் இதே ‘யா’வில் பிறந்ததுதான். முன்னால் நிற்கும் ‘ர்’ ஒலி, பின்னால் வரும் ‘ன’வை ‘ண’ ஆக்கிவிடும் என்பது அந்த மொழியின் விதி. அதனால்தான் முன்னால் ‘ர்’ இல்லாத மகாயானம், ஹீனயானம் என்ற பௌத்தப் பிரிவுகளின் பெயர்களில் ‘ன’ போடுகிறோம். பிரயாணம், ராமாயணம், உத்தராயணம் என்று வரும்போது ‘ண’ போடுகிறோம்.

தமிழில் ‘ப்ர’ என்று சொல் தொடங்காது. ஒன்று, இடையில் இகரம் சேர்த்துப் ‘பிரயாணம்’ என்போம். இல்லாவிட்டால் ‘ர்’ உதிர்ந்துவிடும். வடக்கின் பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் அது ஏற்கெனவே உதிர்ந்து ‘பயாண’ ஆகியிருந்தது. அதுதான் நம் பயணம். பிராகிருதம் என்ற பெயரே ‘பாகதம்’ ஆனதும் இப்படித்தான். ‘ர்’ போய்விட்டாலும் அதனால் வந்த ‘ண’ அப்படியே தங்கிவிட்டது.

உங்கள் ஊர்ப் பக்கம் கன்னடத்தில் ‘பயண’ என்று ‘ண’வோடுதான் எழுதுவார்கள், தெலுங்கில் ‘பயனம்’. பெயின்டர் தெலுங்கு போர்டும் எழுதுகிறவர் என்றால் கை பழக்கத்தில் அப்படிப் போயிருக்கலாம்!

சரி, தமிழ்ச் சொல்லா? வேர் வடமொழி. ஆனால் பயணி, பயணப்படி, பயணப்படு என்று தமிழுக்குள் கிளை விட்டு வெகுகாலமாயிற்று, தயங்காமல் எழுதலாம். பழைய தமிழில் இதற்குச் ‘செலவு’ என்றே பெயர். பொருள் தேடக் கிளம்பும் தலைவன், தலைவியைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் தாமதிப்பதைத் தொல்காப்பியக் கற்பியல் ‘செலவிடை அழுங்கல்’ என்கிறது. அந்தக் கணக்கில் ‘பயணச் செலவு’ என்பதே ‘போக்குப் போக்கு’தான். அதற்காக வேனின் பின்னால் ‘இனிய செலவு’ என்று எழுதினால் சவாரி வராது.

‘சுற்றுலா’ ஊர் பார்க்கப் போவதற்கு மட்டும்தான் பொருந்தும். யாத்திரை என்றால் கோயில் குளம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் போகிற வண்டிக்குப் பயணம்தான் தோது.

திருத்தும்போதே பக்கவாட்டு எழுத்தையும் பார்த்துவிடுங்கள். ‘பயணக் கட்டணம்’, ‘பயணச் சீட்டு’ என ஒற்று வர வேண்டும். ‘பயணிகள்’ என்ற சொல்லுக்கும் மூன்று சுழிதான்.