பாலே வகுப்பில் இத்தனை கெடுபிடி எதற்கு? – கடிதம்

வணக்கம் அக்கா,

பெருமாள்மலையில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் கொடைக்கானல் டவுனில் பாலே வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் சீசன் கூட்டத்தில் பஸ் வெள்ளி அருவி பக்கம் மாட்டிக்கொண்டது. இருபது நிமிடம் தாமதம். மிஸ் அவளை ஆட விடவில்லை, ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். இது மட்டுமா? கொலுசைக் கழற்று, பூ வைக்காதே, கொண்டை போடு, பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று ஆயிரம் சட்டம். நம் ஊரில் இந்த வெள்ளைக்காரக் கெடுபிடி எதற்கு? விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ வாங்கலாமா என்று கேட்டால், 12 வயதுக்கு முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார். கீழே ஓர் ஊரில் மே மாதம் மூன்று வாரப் பயிற்சி முகாம் நடக்கிறதாம். முதல் நாளே பாயின்ட் ஷூ, கடைசி நாள் மேடை, சான்றிதழ். அனுப்பலாமா? இன்னொன்று, 7 வயது மகன் தானும் போவேன் என்கிறான். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஒரு வாசகி

வணக்கம்.

முகாமுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது.

9 வயதுக் குழந்தையின் பாதம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்புகளின் நுனியில் இருப்பது குருத்தெலும்பு, அது இறுகி முழு எலும்பாக இன்னும் பல வருடங்கள் ஆகும். பாயின்ட் ஷூவின் முனை துணியும் காகிதமும் பசையுமாக அடுக்கி இறுக்கியது. அதற்குள் விரல்களை நிறுத்தி உடம்பின் மொத்த எடையையும் அந்தச் சின்ன இடத்தில் இறக்க வேண்டும். ஷூ தாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்க வேண்டியது கணுக்கால், கெண்டைக்கால், இடுப்பு, வயிற்றுத் தசை. அந்தப் பலம் மூன்று வாரத்தில் வராது. ஒழுங்காக மூன்று நான்கு வருடம் பயின்ற பிறகுதான், அதுவும் 12 வயதை ஒட்டித்தான், நல்ல ஆசிரியர்கள் அதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். வாரம் ஒரு வகுப்பு மட்டும் போகிற குழந்தைக்கு 13, 14 கூட ஆகலாம். உங்கள் மிஸ் அப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முனைக்கால் ஆட்டத்தை ஒரு கலையாகவே உலகத்துக்குக் காட்டிய மரி தாலியோனி 1832-இல் பாரிஸ் மேடையில் அதை ஆடியபோது அவருக்கு வயது 27.

சான்றிதழ் வேண்டும் என்றால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. 1920-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் பல நாடுகளில் தேர்வு நடத்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ப்ரீ-ப்ரைமரி, ப்ரைமரி, அப்புறம் கிரேடு 1 முதல் 8 வரை. பாயின்ட் ஷூ வருவது இவற்றில் இல்லை, தொழிலாக ஆட நினைப்பவர்களுக்கான தனித் தேர்வு வரிசையில். ரஷ்யாவில் 1738 முதல் நடந்துவரும் வாகனோவா அகாடமியில் பத்து வயதை ஒட்டிப் பிள்ளைகளைச் சேர்த்து எட்டு வருடம் தினமும் பயிற்சி தருகிறார்கள். இத்தனை காலம் எடுத்துக்கொண்டு செய்கிற வேலையை மே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: தரை என்ன தரை? சிமென்ட் தரையிலோ டைல்ஸிலோ குழந்தைகளைக் குதிக்க விட்டால் அந்த அதிர்ச்சி நேராக முன்னங்கால் எலும்புக்கும் முட்டிக்கும் போகும். அடியில் காற்று இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை வேண்டும். நம் மலையில் பழைய பங்களாக்களின் மரத்தரைகள் கொஞ்சமாவது அசைந்து கொடுக்கும். கல்யாண மண்டபத்துத் தரை கொடுக்காது.

சரி, தாமத விஷயம். குழந்தை அழுதது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, பஸ் நின்றதற்கு அவள் என்ன செய்வாள். ஆனாலும் மிஸ் செய்தது சரி. பாலே வகுப்பு ஒரு வரிசையில் போகிறது. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் ப்ளியே, அதாவது முட்டியை மெதுவாக மடக்கி எழுவது. பிறகு தாந்து, பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டுவது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றித்தான் கால் வீச்சு, அப்புறம் நடு அறைக்கு வந்து சுற்றல், கடைசியில் பெரிய குதிகள். முதல் இருபது நிமிடம் போனால் போனது அந்தச் சூடேற்றல் முழுவதும்தான். 2,100 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்த கால்கள் அவளுடையவை. அந்தக் காலோடு நேராகக் குதித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், குதிகால் தசைநார் இழுத்துக்கொள்ளும். சமவெளியில் இருக்கும் ஆசிரியரை விட இங்கே இருப்பவர் இதில் கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும்.

ஒன்று செய்திருக்கலாம்: காரணத்தைக் குழந்தையிடம் சொல்லியிருக்கலாம். தண்டனை என்று நினைத்துத்தான் அவள் அழுதிருக்கிறாள், உன் காலுக்காகத்தான் என்று ஒரு வார்த்தை போதுமே. இதை மிஸ்ஸிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள், வாசலில் மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் வகுப்புதான் என்பதை மகளிடம் நீங்கள் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்குச் சொல்லும் திருத்தத்தைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்கிற குழந்தைதான் சீக்கிரம் முன்னேறுகிறது. பெங்களூரில் நான் பாலே கற்ற வருடங்களில் கூட இருந்த எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்கிறேன், வளைகிற உடம்பை விடக் கவனிக்கிற கண்தான் கடைசி வரை உதவியது.

பூவும் கொலுசும். சுற்றும்போது தலை கடைசியில் திரும்பி முதலில் முன்னால் வந்து நிற்க வேண்டும், அத்தனை வேகத்தில் அவிழ்ந்த பின்னல் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். கழுத்தும் தோளும் தெரிந்தால்தான் ஆசிரியரால் திருத்த முடியும், அதற்குத்தான் கொண்டை. தரையில் விழுந்த ஒரு கனகாம்பரம் போதும், அடுத்து ஓடி வருகிற குழந்தை வழுக்கி விழ. கொலுசின் திருகு காலுறையில் மாட்டும். இதில் வெள்ளைக்காரத்தனம் எங்கே இருக்கிறது? பரதநாட்டிய வகுப்பில் நமஸ்காரம் செய்யாமல் அரைமண்டியில் உட்கார விடுவார்களா, தட்டுக்கழி சத்தம் கேட்கும்போது பேச விடுவார்களா? பாலேயிலும் வகுப்பு முடிந்ததும் ஆசிரியருக்கும் பியானோ வாசித்தவருக்கும் குனிந்து வணங்கித்தான் வெளியே போவார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பயின்றது பாலே. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டிதான் ஆசிரியர். உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டிய பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-இல் மேடை ஏறினார், அடுத்த வருடமே கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு வகுப்பின் ஒழுக்கம் இன்னொன்றில் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தை ஒவ்வொரு திருத்தத்துக்கும் அம்மா முகத்தைத்தான் பார்க்கும். அதனால் தினமும் உள்ளே உட்கார வேண்டாம். ஆனால் பருவத்துக்கு ஒரு நாளாவது பெற்றோர் பார்க்கும் வகுப்பு வேண்டும் என்று கேளுங்கள், கதவு உள்ளிருந்து பூட்டப்படக் கூடாது என்பதையும் கேளுங்கள். முட்டியையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவது இந்தக் கலையில் வழக்கம், அதற்கு முன்னால் குழந்தையிடம் தொடலாமா என்று கேட்பதும் வழக்கமாக இருக்க வேண்டும். சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. முதுகை அழுத்தி ஸ்ப்ளிட்டில் (கால்களை விரித்துத் தரையோடு உட்காருவது) இறக்குகிறவர், பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்புகிறவர் (அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் இருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் முட்டிதான் கெடும்), 9 வயதுப் பிள்ளையைக் குண்டு என்று எல்லார் முன்னாலும் சொல்கிறவர், வலிக்கிறது என்றால் நடிக்காதே என்கிறவர், இவர்களில் யாராக இருந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் உங்கள் மிஸ் இப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அவர் வைத்த ஒவ்வொரு சட்டத்துக்கும் உடம்பு சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. இந்த மலையில் அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்ததே பெரிய விஷயம்.

மகனை அனுப்புங்கள். பாலேவை அரண்மனையில் ஆடி வளர்த்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி. 1653-இல், 14 வயதில், சூரியனாக வேடம் கட்டி ஆடினார். 1661-இல் நடனத்துக்கென்று ஓர் அகாடமியே தொடங்கினார். நம் காலத்தில், மும்பையில் யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் கற்ற அமிருதீன் ஷா 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தார். சிரிக்கிறவர்களிடம் வாதாட வேண்டாம், பையன் காதில் அந்தச் சிரிப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவனுக்கு முதலில் மென்மையான பாலே ஷூ ஒரு ஜோடி, உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட், ஷார்ட்ஸ், சாக்ஸ் இருந்தால் சரி. வளருகிற பிள்ளைதானே என்று ஸ்கூல் ஷூ மாதிரி ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், தளர்ந்த ஷூவில் கால் புரளும். காலை வைத்துப் பார்த்து, இன்றைய அளவிலேயே வாங்குங்கள், அவன் அக்காவுக்கும் அப்படியே.