பட்டியலில் இல்லாத சால்வை

வணக்கம் சார்,

பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில், 1888-ல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கப்போய், இப்போது ஏழாவது புத்தகத்தில் நிற்கிறேன். “ராத்திரியில் இதையெல்லாம் படித்தால் வீடு விளங்குமா?” என்கிறாள் மனைவி. சால்வையில் கிடைத்த டிஎன்ஏவை வைத்து, கொலைகாரன், சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவனான கொஸ்மின்ஸ்கிதான் என்று முடிவாகிவிட்டதாமே? இனிமேல் படிப்பது வீணா?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முடிவாகவில்லை. 1888 செப்டம்பர் 30 அதிகாலை, லண்டன் மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்ட கேத்தரின் எடோஸின் சால்வை என்றுதான் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் உடுத்தியிருந்தது, வைத்திருந்தது எல்லாவற்றையும் போலீஸ் அப்போதே ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறது. அதில் இந்தச் சால்வை இல்லை. அப்புறம், ஒப்பிட்டது தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை. சம்பந்தமே இல்லாத பலரிடம் அது ஒன்றுபோலவே இருக்கும். ஒருவரை விலக்க உதவும். இவன்தான் என்று கைகாட்டப் போதாது.

கொஸ்மின்ஸ்கி பெயர் முதலில் அடிபட்டதே 1894-ல் போலீஸ் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் எழுதிய குறிப்பால்தான். அவர் லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் சேர்ந்தது கொலைகள் நடந்ததற்கு மறுவருடம். அவர் சந்தேகித்துச் சொன்ன மூன்று பேரில் ஒருவர் அந்தச் சமயத்தில் பிரான்ஸில் சிறையில் இருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது! கடைசி அத்தியாயத்தில் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும் புத்தகங்களை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ஆனால் படிப்பது வீணில்லை. எனக்கு அந்தப் போலீஸ் பட்டியல் ஒன்றே போதும். ஒரு தகர டப்பாவில் டீத்தூள், இன்னொன்றில் சர்க்கரை, ஆறு சோப்புத் துண்டுகள், பேன்சீப்பு, ஒரு ஸ்பூன், மூக்குக்கண்ணாடியில் ஒரு பாகம், சிவப்புக் கையுறை ஒன்றே ஒன்று. தங்க நிலையான இடம் இல்லாதவர், குடித்தனத்தையே உடம்போடு சுமந்து நடந்திருக்கிறார். போதையில் கிடந்தார் என்று முந்தின நாள் இரவு எட்டரை மணி வாக்கில் பிடித்துப்போனவர்கள், ஒரு மணிக்கு வெளியே விட்டார்கள். அடுத்த முக்கால் மணி நேரத்தில் பிணமாகக் கிடந்தார். சென்ட்ரல் பக்கம் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் கிழவிகளைப் பார்த்தால் எனக்கு அந்த டீ டப்பா ஞாபகம் வரும்.

உங்கள் வீட்டம்மாவுக்குக் கொலையை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை மட்டும் படித்துக்காட்டிப் பாருங்கள். என் வீட்டில் படித்தபோது, “இன்னொரு கையுறை எங்கே போச்சு?” என்றுதான் கேட்டாள்.