47 வழக்குகள், அதன் பிறகு ஒரு குண்டு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பத்திரிகையாளர்களுக்கு எதிரான குற்றங்கள் தண்டனையில்லாமல் போவதை நிறுத்தக் கோரும் ஐநா நாளான நவம்பர் 2 பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 2013இல் அதே தேதியில் மாலி நாட்டில் பிரெஞ்சு வானொலிக்காரர்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், அதனால்தான் ஐநா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் படித்து முடித்ததும் எனக்குச் சலிப்புதான் வந்தது. வருடா வருடம் கொலைக் கணக்கு வருகிறது, பெரிய அமைப்புகள் கண்டன அறிக்கை விடுகின்றன, அடுத்த வருடம் மறுபடியும் அதே கணக்கு. இந்த அறிக்கைகளால் யாராவது பிழைத்திருக்கிறார்களா?

இன்னொன்று. நீங்கள் மிகவும் மரியாதையோடு குறிப்பிட்ட டாஃப்னியைப் பற்றித் தேடிப் படித்தேன், ஐரோப்பாவின் குட்டித் தீவு நாடான மால்டாவில் 2017இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர். அமைச்சர்களின் அந்தரங்கத்தையும் ஆட்களின் உடை, தோற்றத்தையும்கூடக் கிண்டலடித்து எழுதியிருக்கிறார். பிரதமரின் மனைவி மேல் அவர் சொன்ன குற்றச்சாட்டு விசாரணையில் நிற்கவில்லை என்றும் படித்தேன். கொலையை நியாயப்படுத்தவில்லை. ஆனால் இவரை ஊடக சுதந்திரத்தின் முகமாக வைக்க வேண்டுமா? நம் ஊரிலும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இவர்களுக்காக நான் ஏன் கவலைப்பட வேண்டும், பட்டாலும் கோவையில் உட்கார்ந்துகொண்டு என்னால் என்ன செய்ய முடியும்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஆமாம், டாஃப்னி கருவானா கலிட்சியா கடுமையாக எழுதியவர். 2008இல் தொடங்கிய அவருடைய வலைப்பதிவில் ஊழல் பற்றிய ஆவணமும் ஒருவரின் உடை பற்றிய நக்கலும் அடுத்தடுத்து வரும். அதில் பலவற்றை நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஈக்ரண்ட் என்ற பனாமா நிறுவனம் பிரதமரின் மனைவிக்குச் சொந்தம் என்று அவர் எழுதியதற்கு ஆதாரம் இல்லை என்று 2018இல் நீதி விசாரணை சொன்னது, அதுவும் உண்மை. ஆனால் தவறே செய்யாத, பண்பாக மட்டுமே எழுதுகிற பத்திரிகையாளருக்குத்தான் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால், அப்புறம் யாருக்குமே பாதுகாப்பு கிடையாது. அவரைப் பிடிக்காதவர்கள் எப்போதும் அந்த ஒரு தவறைத் தேடித்தான் கையில் வைத்திருப்பார்கள்.

சரி, அவர் எழுதியதில் நின்றது எது என்று பாருங்கள். பெரும்புள்ளிகள் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் சொத்தை மறைத்ததைக் காட்டிய பனாமா ஆவணங்கள் உலகுக்கு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே, 2016 பிப்ரவரியில், பிரதமரின் தலைமை அலுவலர் கீத் ஸ்கெம்ப்ரிக்கும் அமைச்சர் கொன்ராட் மிட்சிக்கும் பனாமாவோடு இருந்த தொடர்பை எழுதினார். அடுத்த ஆண்டு, '17 பிளாக்' என்ற துபாய் நிறுவனத்தின் பெயரை முதலில் பொதுவெளியில் எழுதியதும் அவர்தான். அது யாருடையது என்று அவர் உயிரோடு இருந்தவரை தெரியவில்லை. யோர்கன் ஃபெனெக் என்ற தொழிலதிபருடையது என்று அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, 2018 நவம்பரில், ராய்ட்டர்ஸும் டைம்ஸ் ஆஃப் மால்டாவும் வெளியிட்டன. மால்டாவின் புதிய மின் நிலைய ஒப்பந்தத்தைப் பெற்ற குழுமத்தில் பங்கு வைத்திருந்தவர் அவர். 2019 நவம்பரில் தன் உல்லாசப் படகில் கிளம்பியபோது அவர் கைதானார். கொலைக்கு உடந்தை என்று அவர் மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, அவர் அதை மறுக்கிறார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 2017 அக்டோபர் 16 மதியம், பிட்னியா என்ற சிற்றூரில் வீட்டிலிருந்து காரில் கிளம்பிய டாஃப்னி, இருக்கைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். நாம் எல்லோரும் அந்த நாளைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், கொலை அன்றைக்குத் தொடங்கவில்லை. 1990களிலேயே வீட்டு நாயின் கழுத்தை அறுத்துப் போட்டார்கள். 2006இல் வீட்டின் பின்பக்கம் டயர்களை அடுக்கித் தீ வைத்தார்கள், குடும்பம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில். 'பிட்னியாவின் சூனியக்காரி' என்று ஒரு பெயரைக் கட்டிவிட்டார்கள். ஒரு பெண்ணை ஊர் முழுக்கச் சூனியக்காரி என்று பேசத் தொடங்கிவிட்டால் அடுத்து அவளுக்கு என்ன நடந்தாலும் பாதிப் பேர் பதற மாட்டார்கள். இது உங்களுக்கும் எனக்கும் தெரியாததா?

இதையெல்லாம்விட அமைதியாக, சட்டப்படியே நடந்தது ஒன்று உண்டு. வழக்குகள். இறந்த அன்று அவர் மேல் 47 அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன, அதில் ஐந்து குற்றவியல் வழக்குகள். அரசியல்வாதிகள், அவர்களின் உதவியாளர்கள், தொழிலதிபர்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் பொருளாதார அமைச்சரும் அவருடைய ஆலோசகரும் தொடுத்த வழக்கில், தீர்ப்பு வருவதற்கு முன்பே, ஏறக்குறைய 47,000 யூரோ அளவுக்கு அவருடைய வங்கிக் கணக்குகளை முடக்கிவிட்டார்கள். மால்டாவில் இயங்கிய பிலாடஸ் வங்கி, அமெரிக்காவின் அரிசோனாவில் 4 கோடி டாலர் கேட்டு அவர் மேல் ஒரு வழக்கு போட்டிருந்தது, அது அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மால்டாவில் உட்கார்ந்து வலைப்பதிவு எழுதும் ஒருவர் அரிசோனாவில் வக்கீல் வைக்க எங்கே போவார்? அதே வங்கி மிரட்டியதால் மால்டாவின் நாளிதழ்களே தாங்கள் வெளியிட்ட செய்திகளை இணையத்தில் திருத்தின, நீக்கின. வழக்கு நடத்தவே நிறுவனம் திவாலாகிவிடும் என்ற பயம். பிற்பாடு அந்த வங்கியின் தலைவர் அமெரிக்காவில் கைதானார், 2018இல் ஐரோப்பிய மத்திய வங்கி அதன் உரிமத்தைப் பறித்தது. செய்தியை நீக்கியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தனியாக விட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள். டாஃப்னி செய்யவில்லை, அதனால் மேலும் தனியானார்.

அவர் இறந்ததோடு வழக்குகள் முடிந்துவிட்டன என்று நினைத்தீர்களா? இல்லை. மால்டா சட்டப்படி சிவில் வழக்குகள் வாரிசுகள் மேல் தொடர்ந்தன. தாயைக் குண்டு வைத்துக் கொன்ற நாட்டில், தாய் எழுதியதற்காக மூன்று பிள்ளைகளும் கணவரும் நீதிமன்றப் படி ஏறினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, பத்திரிகையாளர் பாதுகாப்பு என்று யாராவது பேசும்போது என் மனதில் துப்பாக்கி ஏந்திய காவலர் வருவதில்லை. வழக்குக் கட்டுதான் வருகிறது.

காவல் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு லூர்து மால்டொனாடோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் திஹுவானா நகரப் பத்திரிகையாளர். 2019இல் அந்நாட்டு அதிபர் நடத்திய செய்தியாளர் சந்திப்பிலேயே எழுந்து நின்று, என் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னார். மாநில அரசின் பாதுகாப்புத் திட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2022 ஜனவரி 23 அன்று தன் வீட்டு வாசலில், காரில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். மெக்சிகோவில் 2012 முதல் இதற்கென்று தேசியச் சட்டம் இருக்கிறது, ஆபத்தில் அழுத்தும் அவசரப் பொத்தான் தருகிறார்கள், கேமரா வைக்கிறார்கள். எல்லாம் இருந்தும் சாகிறார்கள் என்றால், சுட்டவனை ஏவிய ஆள் பெரும்பாலும் பிடிபடுவதில்லை என்பதுதான் காரணம். யுனெஸ்கோவின் 2024 அறிக்கைப்படி 2006க்குப் பிறகு நடந்த பத்திரிகையாளர் கொலைகளில் 85 சதவீதம் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. கொல்வது மலிவாக இருக்கும்வரை பொத்தான் என்ன செய்யும்?

(காஸாவை நான் இதோடு சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்கில் 2024இல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட 124 பேரில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் இஸ்ரேலால் கொல்லப்பட்டவர்கள். அங்கே வழக்கு இல்லை, நேராகக் குண்டுதான். வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சுதந்திரமாக உள்ளே விடாததால், அங்கே செத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். அதைத் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.)

அறிக்கைகளால் யாராவது பிழைத்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். வெறும் அறிக்கையால் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிக்கைக்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். டாஃப்னி கொல்லப்பட்டு ஆறு மாதத்தில், 2018 ஏப்ரலில், 15 நாடுகளைச் சேர்ந்த 18 செய்தி நிறுவனங்களின் 45 பத்திரிகையாளர்கள் அவர் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 'ஃபர்பிடன் ஸ்டோரீஸ்' என்ற பிரெஞ்சு அமைப்பு இதை ஒருங்கிணைத்தது. ஒருவரைக் கொன்றால் 45 பேர் அதே செய்தியை எழுதுவார்கள் என்று கொலைகாரர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர்களின் திட்டம். ஆபத்தில் இருக்கும் பத்திரிகையாளர் தன் ஆவணங்களை முன்கூட்டியே அவர்களிடம் பத்திரமாக ஒப்படைத்து வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கவசம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மால்டாவிலும் மக்கள் விடவில்லை. தலைநகர் வலெட்டாவில் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் நினைவுச் சின்னத்தடியில் தினமும் பூவும் மெழுகுவத்தியும் வைத்தார்கள். அரசு ஆட்களை விட்டு அதைத் தினமும் அகற்றியது. அவர்கள் மறுநாள் மறுபடி வைத்தார்கள். இப்படியே மாதக்கணக்கில். கடைசியில் 2020 ஜனவரியில், நீதி அமைச்சர் அதை அகற்றச் செய்தது கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஃபெனெக் கைதானதும் தெருவில் திரண்ட கூட்டத்தைத் தாங்க முடியாமல் பிரதமர் ஜோசஃப் மஸ்கட் பதவி விலகினார். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு 2021 ஜூலையில், இந்தக் கொலைக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும், யாரும் தண்டனைக்குப் பயப்படத் தேவையில்லை என்ற சூழலை அரசே உருவாக்கியது என்று எழுதியது. குண்டு வைத்த தெஜார்ஜியோ சகோதரர்கள் இருவருக்கும் 2022இல் 40 வருடச் சிறை. குண்டைக் கொடுத்த இருவருக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை. ஏவியது யார் என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்காக அந்தக் குடும்பம் தன் வாழ்க்கையையே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வழக்குகள் விஷயத்திலும் ஒன்று நகர்ந்திருக்கிறது. வாயை அடைப்பதற்கென்றே போடும் வழக்கை நீதிபதி ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யலாம், போட்டவரே செலவைக் கட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அங்கே அதை 'டாஃப்னி சட்டம்' என்றே சொல்கிறார்கள். எல்லை தாண்டிய சிவில் வழக்குகளுக்குத்தான் அது பொருந்தும், உள்ளூர் வழக்குகளை அந்தந்த நாடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பெரிய ஓட்டை. ஆனாலும் 2018இலேயே மால்டா குற்றவியல் அவதூறு என்ற ஒன்றையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது, பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் 356ஆம் பிரிவாகக் கூடவே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆட்சியில் இருப்பவர்களை விமர்சித்ததற்காக அரசு வழக்கறிஞர் மூலமாகவே ஆசிரியர்கள் மேல் அவதூறு வழக்குகளைக் குவித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஒரு தொகுதியை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை வருடக்கணக்கில் அவர்கள் வாய்தாவுக்கு அலைந்தார்கள். காசு வாங்கி எழுதுகிறவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். இருக்கிறார்கள், எனக்கும் அருவருப்புதான். ஆனால் எம்., யோசித்துப் பாருங்கள், அவர்கள் மேல் யார் வழக்கு போடுகிறார்கள்? வழக்கு வருவது மணல் கொள்ளையை எழுதிய மாவட்ட நிருபருக்குத்தான், சம்பளமே ஒழுங்காக வராத, அலுவலகம் கைகழுவிவிட்டால் சொந்தக் காசில் ஜாமீன் எடுக்க வேண்டிய ஆளுக்கு. 'எல்லாரும் விலைபோனவர்கள்' என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது விலைபோனவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடி அந்த நிருபருக்குத்தான் விழுகிறது.

கோவையிலிருந்து என்ன செய்யலாம்? டாஃப்னியின் கணக்குகளை முடக்கினார்கள் என்று சொன்னேன் இல்லையா, அப்போது அவருடைய வாசகர்கள் இணையத்தில் நிதி திரட்டினார்கள். சில நாட்களிலேயே தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெரிய மனிதர்கள் கொடுத்தது இல்லை, படிக்கிற சாதாரண ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டது. நான் உங்களிடம் கேட்பதும் அந்த மாதிரி விஷயம்தான். உங்கள் மாவட்டத்தைப் பற்றி உழைத்து எழுதும் ஏதாவது ஒரு சின்னப் பத்திரிகைக்கோ இணைய இதழுக்கோ சந்தா கட்டுங்கள். யார் மேலாவது வழக்கு வந்தது என்று கேள்விப்பட்டால், எந்தக் கட்டுரைக்காக வந்ததோ அதைத் தேடிப் படித்து நாலு பேருக்கு அனுப்புங்கள், ஆளைப் பற்றிய வம்பு பிறகு இருக்கட்டும். வாய்தா நாளில் நீதிமன்ற வராந்தாவில் இரண்டு வாசகர்கள் வந்து நின்றால் அது எவ்வளவு பெரிய பலம் என்பது அங்கே தனியாக நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நீங்கள் கேட்டால், நான் கட்டும் சிலவற்றின் பெயர்களைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்.