வாசகர் கேள்வி: கேலிக் ஊர்களின் தேவாலய ஏடுகள்

கேள்வி: ஸ்காட்லாந்து மலைநாட்டில் கேலிக் பேசிய ஊர்களின் பழைய தேவாலயப் பதிவேடுகளை, கேலிக் தெரியாதவர்கள் படிக்க முடியுமா? அதில் என்னதான் இருக்கும்?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். பிரசங்கம் கேலிக்கில் நடந்தாலும் ஏட்டைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். 1855ல் அரசுப் பதிவு தொடங்கும்வரை ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் இதில்தான், அதுவும் விட்டு விட்டுத்தான். என்னைக் கேட்டால், மூப்பர் சபைக் குறிப்பேடுகள்தான் (ஊர்த் தேவாலயத்தை நடத்திய மூப்பர்கள் குழுவின் குறிப்புகள்) சுவாரஸ்யம். ஓய்வுநாளில் வேலை செய்தவர் யார், கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமான பெண்ணை என்ன விசாரித்தார்கள், ஏழைகளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊர் வம்பு மொத்தமும் கிடைக்கும்.

ஒரு குடும்பம் 1843க்குப் பிறகு திடீரென்று காணவில்லையா? அந்த வருடம் ஸ்காட்லாந்து திருச்சபை பிளந்து, ஒரு பகுதியினர் சுதந்திர சபை என்று தனியே போனார்கள், அதனால் சுதந்திர சபை ஏடுகளையும் பாருங்கள். நிலப்பிரபு இடம் தராததால் ஸ்ட்ரோன்டியன் ஊரில் அந்தச் சபையினர் 1846ல் தண்ணீரில் மிதக்கும் இரும்புத் தேவாலயமே கட்டிவிட்டார்கள்!

ஏட்டில் மட்டுமா பதிவு? 1845ல் கிளென்கால்விப் பள்ளத்தாக்கிலிருந்து நிலப்பிரபு தரப்பால் வெளியேற்றப்பட்ட குடியானவர்கள் கிரோயிக் தேவாலய வளாகத்தில் தங்கினார்கள். ஜன்னல் கண்ணாடியில் அப்போது கீறிய ஆங்கில வரிகள் இன்றும் இருக்கின்றன.

சரி, எங்கே தேடுவது? எடின்பரோ தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் தொடங்குங்கள்.