தலைவலி மாத்திரையா? அட்டையில் பெயரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. பத்து வருடமாக ஆஸ்துமா. மூக்கில் சதை வளர்ந்து ஒருமுறை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. போன வாரம் மாங்காய் மண்டியில் வெயிலில் நின்று தலைவலி வந்ததால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வெட்டி வாங்கினேன். ஒன்றைப் போட்ட முக்கால் மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து, இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அது ஆஸ்பிரின் என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? அலர்ஜி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா?

- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நல்லவேளை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். முதலில் பரிசோதனை விஷயம். இதற்காக என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். தூசி, பூனை முடி போன்ற அலர்ஜியில் உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். ரத்தப் பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. உங்களுக்கு வந்ததாகத் தோன்றுவது வேறு வகை.

நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்று ஒரு பொருள் சுரக்கிறது. மாஸ்ட் செல், ஈசினோஃபில் என்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அதுதான் கடிவாளம். அதைத் தயாரிக்கும் காக்ஸ்-1 நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆஸ்துமா, மூக்குச் சதை இரண்டும் சேர்ந்த சிலருக்குக் கடிவாளம் அறுந்ததுபோல் அந்தச் செல்கள் லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள்களைக் கொட்டிவிடும். மூச்சுக்குழாய் இறுகும், சளி பெருகும், மூக்கு அடைக்கும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இது தொடங்கிவிடும். பெரியவர்களில் ஆஸ்துமா உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை.

உறுதி செய்ய வேண்டுமானால் ஆஸ்பத்திரியில், டாக்டர் கண் முன்னால், சிறிய அளவில் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் நீங்களாகப் போட்டுப் பார்க்கவே கூடாது. மூச்சுப் பிரிவு டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

இனி வாங்கும்போது பிராண்டு பெயரை நம்பாதீர்கள். டிஸ்பிரின், எகோஸ்பிரின் இரண்டிலும் ஆஸ்பிரின். காம்பிஃபிளாமில் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபென் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனாமிக் ஆசிட் (மாதவிடாய் வலிக்குப் பலர் போடுவது) எல்லாம் இதே வேலையைச் செய்யும். அப்புறம், கை கால் வலி என்று கிளினிக் போனால் போடுகிற வலி ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான். ஊசி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். வெறும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

வெட்டித் தரும் மாத்திரையில் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடுகின்றன. உங்கள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். பெயர் உள்ள பக்கத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். 2023 ஆகஸ்டு 1 முதல் தயாராகும் முன்னணி 300 பிராண்டுகளின் உறையில் க்யூஆர் குறியீடு இருக்க வேண்டும். போனில் காட்டினால் மருந்தின் பொதுப்பெயர் தெரியும்.

புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு: நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் மாத்திரை அசலாக, காலாவதியாகாமல் இருந்து, கையில் பில்லும் இல்லையென்றால் நஷ்டஈடு கேட்டு ஜெயிப்பது கஷ்டம். அதைவிட, மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யுங்கள், நோயாளியே செய்யலாம். அந்தக் கடைக்காரரிடமும் நேரில் போய், "ஆஸ்துமா இருக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கண்ணா" என்று சொல்லுங்கள்.