மனு கொடுத்தால் கெடு நிற்காது
சட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நகராட்சி எல்லைக்குள் எங்களுக்குச் சொந்தமான வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் கட்டினோம். அனுமதி பெற்ற வரைபடத்தில் அவை இல்லை என்றும், 7 நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் இடிக்கப்படும் என்றும் நோட்டீஸ் வந்துள்ளது. அதில் உள்ள தேதி 3. எங்கள் கைக்கு வந்தது 14. உடனே மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றோம். மனு நிலுவையில் இருப்பதால் நகராட்சி விசாரணைக்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியல்ல. அந்த ஆலோசனையை நம்பியிருந்தால் வீட்டையே இழக்க நேரிடலாம். குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மனு, 1100 என்ற எண்ணில் பதிவு செய்த புகார் ஆகியவை நிர்வாகத்தின் கவனத்தை ஈர்ப்பதற்கு உதவுமே தவிர, சட்டம் வகுத்துள்ள பதிலுரைக்கோ மேல்முறையீட்டுக்கோ ஈடாகமாட்டா. அம்மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நகராட்சிக்கே 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்படும். அது போய்ச் சேருவதற்குள் உங்கள் கெடு முடிந்திருக்கும். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், தவறான கதவைத் தட்டிக்கொண்டே நாளைக் கடத்தி உரிமையை இழந்த குடும்பங்கள் பல என்பதால்தான் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

முதலில் நோட்டீஸ் வந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான், தாள் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பதற்கான முதல் சான்று. நேரில் கொண்டுவந்து கொடுத்திருந்தால், கையொப்பமிட்டபோது தேதியையும் எழுதினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கட்டட இடிப்பு நடவடிக்கைகள் குறித்து 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நாடு முழுவதற்கும் பொருந்தும் நெறிமுறைகளை வகுத்தது. விளக்கம் அளிப்பதற்கு உள்ளாட்சிச் சட்டம் தரும் காலம் அல்லது நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்கள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு என்பது அவற்றுள் முதன்மையானது. எனவே 7 நாள் கெடு விதித்த நோட்டீஸே அந்நெறிமுறைக்கு முரணானது. விதிமீறல் எது, எந்த ஆவணங்களுடன் பதிலளிக்க வேண்டும், நேர்விசாரணை எந்த நாளில் எந்த அதிகாரி முன்பு என்ற விவரங்களும் நோட்டீஸில் இருந்தாக வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் எழுப்பிய கட்டடங்களுக்கும், இடிக்கும்படி நீதிமன்றமே உத்தரவிட்டவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்களுடையது சொந்த இடம் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தும்.

இருந்தாலும், நோட்டீஸ் குறையுடையது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தக் குறையையும் பதிலுரையிலேயே எழுத வேண்டும். நோட்டீஸின் தலைப்பில் உள்ள ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியையும் அப்படியே குறிப்பிட்டு, உங்களுக்குக் கிடைத்த நாளைச் சொல்லி, வரைபடம், அனுமதி ஆணை, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து இரண்டு பிரதிகள் தயாரியுங்கள். ஒன்றை நகராட்சியின் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே அஞ்சலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விநியோகச் சான்று வேண்டும் என்று முகப்பிலேயே கேட்டுப் பெறுங்கள்.

விசாரணை நாளில் வர இயலாவிட்டால், அந்த நாளுக்கு முன்பே காரணத்தையும் சான்றையும் இணைத்து எழுத்தில் வாய்தா கேட்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதும், அலுவலக உதவியாளரிடம் சொல்லிவிட்டு வந்ததும் கோப்பில் ஏறாது. கோப்பில் இல்லாததை மேல்முறையீட்டில் நிரூபிப்பது கடினம். நேர்விசாரணையில் நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் கட்டளை. நீங்கள் பேசியதன் சுருக்கத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டால், பதிவில் எது விடுபட்டாலும் உங்கள் தரப்பு காணாமற்போகாது.

இடிக்க வேண்டும் என்று இறுதி உத்தரவு வந்தாலும், உங்கள் வாதங்கள், அவற்றை ஏற்காததற்கான காரணங்கள், அந்தப் பகுதியை வரன்முறை செய்ய (சட்டப்படி ஒழுங்குபடுத்தி ஏற்க) முடியுமா என்ற விவரம், இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்ற விளக்கம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அது உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குச் செயல்படுத்தக் கூடாது. மேல்முறையீடு செய்வதற்காகத் தரப்பட்ட அவகாசம் அது. கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட்டால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 80-ஏ பிரிவின்படி 30 நாட்களுக்குள் அரசிடம் முறையிட வேண்டும். மேல்முறையீட்டைத் தாக்கல் செய்வதால் மட்டுமே நடவடிக்கை நின்றுவிடாது. இடைக்காலத் தடை கோரும் மனுவையும் அதனுடனேயே கொடுங்கள். இவ்வழிகளை விட்டுவிட்டு நேராக மதுரைக் கிளைக்குச் சென்றால், மேல்முறையீடு செய்தீர்களா என்றுதான் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் முதலில் கேட்கும்.

கேள்வி: வீடு கட்டுவதற்குத் திட்ட அனுமதி கேட்ட என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆணை கிடைத்து இரண்டரை மாதமாகிறது. கணவர் மருத்துவமனையில் இருந்ததால் எதுவும் செய்ய முடியவில்லை. இனி வழியே இல்லையா?
- வாசகி, தென்காசி

பதில்: வழி இருக்கிறது அம்மா, ஆனால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி, ஆணை உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதுமான காரணம் இருந்தால் கெடு கடந்தும் அதை ஏற்க மேல்முறையீட்டு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, மேல்முறையீட்டுடன் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற ஒற்றை வரி போதாது. மருத்துவமனையில் சேர்த்த தேதி, வீடு திரும்பிய தேதி, அதன் பிறகு கழிந்த நாட்களுக்கான காரணம் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதி, மருத்துவமனை வெளியேற்றக் குறிப்பை இணையுங்கள். அதிகாரிகள் தயங்குவது பெரும்பாலும் கெடு முடிந்ததற்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான்.

நாள் கணக்கிடும்போது ஆணை கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது பொது விதி. கடைசி நாள் அலுவலக விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாளில் கொடுப்பது செல்லும். ஆனால் எல்லாச் சட்டங்களும் தாமதத்தை மன்னிப்பதில்லை. சிலவற்றில் மன்னிக்கத்தக்க நாட்களுக்கே உச்சவரம்பு உண்டு, அதைக் கடந்தால் எவ்வளவு உருக்கமான காரணமும் பயன்படாது.

கேள்வி: ஊராட்சித் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 40 நாட்களாகியும் பதில் இல்லை. அது வந்த பிறகு, தீர்மானத்தின் அடிப்படையில் எனக்கு வந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றிருக்கிறேன்.
- வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: அந்த இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். தகவல் வரவில்லை என்பதால் உத்தரவுக்கு எதிரான கெடு நீளாது. கையில் இருப்பதை வைத்து மேல்முறையீட்டைத் தாக்கல் செய்து, 'கூடுதல் ஆவணங்கள் பின்னர் தாக்கல் செய்யப்படும்' என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகவல் மனுவைப் பொறுத்தவரை, 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அந்த 30 நாட்கள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய 20 நாட்கள் உள்ளன. அந்த மேல்முறையீட்டை அதிகாரி 30 நாட்களில், காரணம் பதிவு செய்தால் அதிகபட்சம் 45 நாட்களில், முடிக்க வேண்டும். அதன் பின்பும் தீர்வில்லையெனில் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: என் தள்ளுவண்டியையும் சரக்கையும் மாநகராட்சியினர் எடுத்துச் சென்றுவிட்டனர். விற்பனைச் சான்றிதழையும் ரத்து செய்யப்போவதாகச் சொல்கிறார்கள்.
- வாசகர், திருச்சி

பதில்: சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி, எடுத்த பொருட்களின் பட்டியலைக் கையொப்பத்துடன் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள். உரிய கட்டணம் செலுத்திக் கோரினால் அழுகும் பொருட்களை அதே நாளிலும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களிலும் திருப்பித் தர வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் சான்றிதழை ரத்து செய்ய இயலாது; அப்படியே ரத்தானாலும் மாநகராட்சியிடம் மேல்முறையீடு உண்டு, அதிலும் விசாரணையின்றி முடிவெடுக்கக் கூடாது. ஆகவே விசாரணைக் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்பதைக் கவனியுங்கள். சான்றிதழில் பழைய வாடகை வீட்டு முகவரியே இருந்தால், அதை மாற்றக் கோரும் கடிதத்தை இந்த வாரமே மாநகராட்சியில் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.