வாசகர் கேள்வி: ஜவுளி எடுக்க வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டால்?

கேள்வி: ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஜவுளி எடுப்பதற்காகக் கோவைக்கு வந்து, ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் தங்குவது எங்கள் வழக்கம். ஐப்பசி என்பதால் ஒரு நாளாவது மழை பிடித்துக்கொள்கிறது. மாமியாருக்கு முழங்கால் வலி. மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அந்த நாளைத் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் கொடுத்துவிடாமல் மகிழ்ச்சியாகக் கழிக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிச்சயமாக உண்டு, சகோதரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கோவை நகருக்குத் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் சாரல்தான் வாய்க்கிறது; ஆண்டு மழையின் பெரும்பங்கு நீங்கள் வந்து தங்கும் அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகவே மழையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கைந்து இடங்களுக்கு ஓடாமல் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே நிதானமாக இருங்கள். உங்கள் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கௌலி பிரவுன் சாலையில், வனக் கல்லூரி வளாகத்துக்குள் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஹோரஸ் ஆர்ச்சிபால்டு காஸ் என்ற ஆங்கிலேய வன அதிகாரியின் முயற்சியால் உருவாகி 1902இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட விலங்குகளை எல்லோரும் பார்ப்பார்கள்; நீங்கள் உங்கள் மகனை மரங்களின் குறுக்குவெட்டுத் துண்டுகளின் முன்னால் நிறுத்துங்கள். தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும் மரம். நல்ல மழை கண்ட ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் நெருக்கமாகவும் விழுவது அதன் இயல்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய மழைகள் மரத்துக்குள் பதிந்திருப்பதை நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்கு அன்று கைபேசி தேவைப்படாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இயந்திரங்களில் ஆர்வமுள்ள பையன் என்றால், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த அருங்காட்சியகமும் கார் அருங்காட்சியகமும் உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கியவர் அவர். ஆனால் அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மழை வலுத்தால் பாதையின் அடியிலுள்ள சுரங்கப் பாலங்களில் தண்ணீர் தேங்கிவிடும் என்பதால், தூறலாக இருந்தால் மட்டும் கிளம்புங்கள். எங்கே போவதாக இருந்தாலும் விடுமுறை நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் மாமியாரை அலைக்கழிக்க வேண்டாம். நீங்கள் திரும்பும் நேரத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி, நெய்யும் வறுத்த அப்பளமும் எடுத்துவைக்கும் பொறுப்பை நாத்தனாரும் அவரும் பேசிக்கொண்டே செய்வார்கள். வெளியே போய் வந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் அன்று பேச்சு அதிகம் கிடைத்திருக்கும். பிற்பகலில் தாயக்கட்டையை எடுத்து நால்வரும் உட்காருங்கள். ஊரிலிருந்து வரும்போதே கட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; நகரத்து வீடுகளில் அது இப்போது எளிதில் அகப்படுவதில்லை. ஆட்டத்துக்கு நடுவே யார் யாருக்கு என்ன துணி, என்ன அளவு என்று மகனையே எழுதச் சொன்னால், மழை விட்டதும் கடையில் தடுமாற வேண்டியிருக்காது.